உள்ளேயிருந்து கட்டிய சுவர்

ஆல்டர்பி கடைவீதி முனையில் நிற்கும் பழைய வங்கிக் கட்டடத்தின் வாசற்கல்லில் எங்கள் குடும்பப் பெயர் வெட்டியிருக்கிறது. ‘ஜோசையா தர்ல்பி கட்டியது, 1887.’ அவர் என் தாத்தாவின் அப்பா. அந்தக் கல்லைக் கடக்கும்போதெல்லாம் நான் தொப்பியைக் கழற்றுவேன். சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கும் கழற்றினேன்.

அன்று பனிமூட்டம். தேவாலயக் கோபுரம் பாதிக்கு மேல் தெரியவில்லை. மற்றவர்கள் வைத்த செங்கல் ஈரத்தில் கறுக்கும். எங்கள் செங்கல் இன்னும் சிவக்கும். வாசல் வளைவைப் பாருங்கள், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு தாள் நுழையாது. நடுநடுவே நீலக் கல் வைத்துப் பின்னிய கட்டங்கள், மேலே சுருண்டு ஏறும் முகப்பு, மூலையில் சிறு கோபுரம். நானும் கொத்தனாராக ஐம்பது வருஷம் கரணை பிடித்தவன். எனக்கு அப்படி ஒரு சுவர் வரவில்லை.

மாடியில் வடக்குப் பக்கம் ஐந்து சன்னல்கள் இருக்கும். நான்காவது பொய்ச் சன்னல். சட்டம், படி, வளைவு எல்லாம் உண்டு, கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் செங்கல். வெளியிலிருந்து பார்க்க வரிசை கெடக்கூடாது என்று அந்தக் காலத்தில் அப்படி வைப்பார்கள்.

அந்தப் பொய்ச் சன்னலைத்தான் அன்று உடைக்க இருந்தார்கள்.

வங்கிக்காரர்கள் காலி செய்து நாலு வருஷம் ஆகிறது. காலின் மேக்பீஸ் என்ற வெளியூர்க்காரர் விடுதி நடத்த வாங்கியிருக்கிறார். மாடி அறைக்கு வெளிச்சம் போதவில்லை, நான்காவது சன்னலைத் திறக்கிறோம், தாங்கள் விரும்பினால் வரலாம் என்று மரியாதையாக ஒரு கடிதம் எழுதியிருந்தார். அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டடம் எழும்பும்போது வடக்குப் பக்கத்துச் சாரம் சரிந்து சைலஸ் வெப் என்ற சித்தாள் செத்தார். சாரம் கட்டிய கொத்தனார் ஈனோக் கட்ஃபோர்த், கயிற்று முடிச்சு அவிழ்ந்தது, முடிச்சு அவருடையது, தப்பும் அவருடையது என்று ஜோசையா விசாரணையில் சத்தியம் செய்தார். மறுநாள் ஈனோக் வேலைக்கு வந்ததைப் பத்துப் பேர் பார்த்தார்கள். வீட்டுக்குத் திரும்பியதை யாரும் பார்க்கவில்லை. குற்றம் உறுத்தி ஓடிவிட்டான் என்றோம் நாங்கள். ஜோசையா அவனைக் கொன்று சுவருக்குள் வைத்துவிட்டார் என்றது ஊர். நூற்று முப்பது வருஷமாகச் சாராயக் கடைகளில் இந்தப் பேச்சு ஓயவில்லை.

எனக்குப் பத்தொன்பது வயதில் அப்பா சொன்னார்: “அந்த நாலாவது சன்னலைத் திறக்க விடாதே, வில்ஃப்ரெட். ஏன்னு எனக்கும் தெரியாது. எங்கப்பா எங்கிட்ட இவ்வளவுதான் சொன்னாரு.”

உள்ளே எலும்பு இருந்தால் எங்கள் பெயர் அன்றோடு முடிந்தது. அதைத் தடுக்கத்தான் எழுபத்தாறு வயதில் அந்தப் படிகளில் ஏறினேன்.

“வாங்க மிஸ்டர் தர்ல்பி,” என்றார் மேக்பீஸ். கொழுகொழுவென்று நல்ல மனிதர். “டீ போட்டிருக்கேன். இந்தக் கட்டடத்துல ஒழுங்கா வேலை செய்யுறது இந்தக் கெட்டில் ஒண்ணுதான்.”

“இந்தக் கட்டடத்துல எல்லாமே ஒழுங்காத்தான் வேலை செய்யும்.”

“அடடா, பெரியவர் வந்துட்டாரா?” என்று மாடியிலிருந்து ஒரு பெண் குரல். “சிவப்புக் கம்பளம் விரிக்க மறந்துட்டோமே, காலின்!”

படியிறங்கி வந்தவளுக்கு நாற்பது வயதிருக்கும். முழங்கை வரை சுண்ணாம்பு. கையில் சுத்தியல்.

“நீ யாரும்மா?”

“கொத்து வேலைக்கு வந்திருக்கேன். பழைய கட்டடம்னா என்னைத்தான் கூப்பிடுவாங்க. டைனா.” கொஞ்சம் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். “டைனா கட்ஃபோர்த்.”

மேக்பீஸுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் இருவருக்கும் டீயை நீட்டினார். நான் வாங்கவில்லை.

“உங்க பாட்டன் வீட்டுப் பழியை எங்க வீட்டுச் சுவர்ல தேடுறியா?” என்றேன்.

“நான் சன்னல் திறக்க வந்தேன் பெரியவரே. உள்ள என்ன இருக்குன்னு பயப்படுறது நீங்கதான்.”

மூவரும் மாடிக்குப் போனோம். அறைக்குள் குளிர் வேறு மாதிரி இருந்தது. அந்தச் சுவருக்குப் பக்கத்தில் மட்டும், காலடியிலிருந்து ஏறும் குளிர். டைனா ஏற்கெனவே அளந்து வைத்திருந்தாள். வெளிச்சுவரின் முகத்திலிருந்து அறையின் முகம் வரை மற்ற இடங்களில் பதினெட்டு அங்குலம். பொய்ச் சன்னலுக்கு நேரே நாலடி. நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு வெற்றிடம்.

அவள் பூச்சைக் கொத்தி எடுத்தாள். பெரிய பெரிய தகடாக விழுந்தது. செங்கல் தெரிந்தது.

அவள் கை நின்றது.

“இங்க பாருங்க,” என்றாள். குரலில் கேலி இல்லை.

நான் பார்த்தேன்.

கல் வரிசைகளுக்கு நடுவே சாந்து பிதுங்கி, சொட்டுச் சொட்டாகத் தொங்கி அப்படியே காய்ந்திருந்தது.

“என்னாச்சு? மட்டமான வேலையா?” என்று கேட்டார் மேக்பீஸ்.

“கல்லை வெச்சு அழுத்தினா சாந்து ரெண்டு பக்கமும் பிதுங்கும் சார்,” என்றாள் டைனா. “கொத்தனார் தன் பக்கத்துல பிதுங்கினதை உடனே கரணையால வழிச்சு, இணைப்பைத் தேய்ச்சு விடுவான். அந்தப் பக்கம் அவன் கைக்கு எட்டாது. அங்க தொங்கிட்டே காஞ்சிடும்.”

“சரி?”

“தொங்குறது இந்தப் பக்கம்.”

மேக்பீஸ் டீக் கோப்பையைத் தரையில் வைத்தார். “அப்போ கட்டின ஆளு...”

“உள்ள நின்னு கட்டியிருக்கான்.”

“கட்டிட்டு எப்படி வெளிய வந்தான்?”

வெளிப்பக்கம் ஜோசையாவின் சுவர். அது சாரத்தின் மேல் நின்று கட்டியது, ஊரே பார்த்தது. மேலே வளைவு, கீழே உத்தரம். வேறு வழி கிடையாது.

அப்போதுதான் கேட்டது.

சர்ர்ர்.

பிறகு டொக், டொக்.

ஐம்பது வருஷமாக நான் கேட்ட சத்தம். சாந்தை இழுக்கும் கரணை. கல்லை உட்காரவைக்கும் கரணையின் பிடி.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

“எலி,” என்றார் மேக்பீஸ். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. அவரும்தான்.

டைனா பல்லைக் கடித்துக்கொண்டு உளியை வைத்தாள். முதல் கல் வந்தது. இரண்டாவது. பத்தாவது. உள்ளேயிருந்து ஒரு வாடை வந்தது. நூற்று முப்பது வருஷம் அடைபட்ட இடத்தில் புழுக்கமும் எலிப் புழுக்கையும்தான் நாற வேண்டும். வந்ததோ, அன்று காலை குழைத்த சுண்ணாம்பின் வாடை. கூடவே மட்டப் புகையிலை.

ஆள் நுழையும் அளவு திறந்ததும் நான் முன்னால் போய் நின்றேன்.

“நான்தான் முதல்ல பாப்பேன். இது எங்க வேலை.”

“பாருங்க. உங்க சுவர், உங்க பிணம்,” என்றாள் டைனா.

விளக்கை உள்ளே நீட்டித் தலையை நுழைத்தேன்.

காலி. எலும்பில்லை, துணியில்லை, ஒரு செருப்பு ஆணிகூட இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எங்கள் பெயர் தப்பித்தது. திரும்பி அவள் முகத்துக்கு நேரே சிரிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அப்புறம் விளக்கை எதிர்ச் சுவருக்குத் தூக்கினேன்.

சுவர் முழுக்கச் சாந்து பூசியிருந்தது. ஈரமாக இருந்தபோது கரணை முனையால் எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு எழுத்தும் என் உள்ளங்கை அளவு.

‘முடிச்சு என்னுடையது. அது அவிழவில்லை. கயிறு ஜோசையாவுடையது. அதுதான் அறுந்தது. ஈ.க.’

எலும்பு கிடந்திருந்தால்கூடப் பரவாயில்லை, ஒரு பிணத்துக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். இதற்கு என்ன சொல்வது?

தலையை வெளியே எடுத்தேன். “ஒண்ணுமில்ல. காலி.”

“நகருங்க, நான் பாக்கறேன்.”

“தொடாதே!” என்று கத்தினேன். “மேல வளைவு இறங்குது. விரிசலைப் பாத்தேன். முட்டுக் கொடுக்காம யாரும் உள்ள தலை வைக்கக் கூடாது.”

எந்தக் கொத்தனாரும் இந்த வார்த்தைக்கு எதிர்ப்பேச்சு பேசமாட்டான். சந்தேகமிருந்தாலும் முதலில் முட்டு, பிறகுதான் பேச்சு. டைனா என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு மேக்பீஸைக் கூட்டிக்கொண்டு வண்டியிலிருந்து இரும்பு முட்டுகளை எடுத்துவரக் கீழே போனாள்.

வளைவில் மயிரிழை விரிசல்கூட இல்லை. ஜோசையா கட்டிய வளைவு அது.

அவள் விட்டுப்போன கரணையை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

இரண்டரை அடி அகலம். முழங்கை இரண்டு பக்கமும் இடித்தது. விளக்கைக் காலடியில் வைத்துவிட்டு எழுத்துகளைச் சுரண்ட ஆரம்பித்தேன். நூற்று முப்பது வருஷச் சாந்து கல்லாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கரணை வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. கையெல்லாம் ஈரம். ‘ஜோசையா’ என்ற பெயரைத்தான் முதலில் வழித்தேன்.

எனக்குப் பின்னால் வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது.

மேகம் என்று நினைத்துச் சுரண்டினேன்.

சர்ர்ர்.

டொக், டொக்.

இப்போது அந்தப் பக்கத்திலிருந்து இல்லை. என் முழங்கைக்குப் பக்கத்தில்.

திரும்பினேன். நான் நுழைந்த திறப்பு இடுப்பு உயரத்துக்கு அடைபட்டிருந்தது. புதுச் சாந்து விளக்கொளியில் மினுங்கியது. என் பக்கத்து இணைப்புகள் சுத்தமாக வழிக்கப்பட்டு, தேய்க்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு கொத்தனாரின் கைக்கும் ஒரு சாய்வு உண்டு. நான் வலக்கைக்காரன். இந்தச் சாய்வு இடக்கைக்காரனுடையது.

சுத்தமான முகம் என் பக்கம் இருக்கிறது.

அப்படியானால் கட்டுகிறவனும் என் பக்கம் இருக்கிறான்.

அந்த இரண்டரை அடிக்குள்.

என் வலது தோளின் மேல் ஏதோ உரசியது. முரட்டுக் கம்பளிச் சட்டை. வேலையில் இருக்கிறவனின் தோள் அசைவது போல ஒரு சீரான அசைவு. புகையிலை மூச்சு என் காதோரம் பட்டது, சூடாக. கண்ணுக்கு எதிரே ஒரு கல் வந்து உட்கார்ந்தது. அதைக் கொண்டு வந்த கையை நான் பார்க்கவில்லை. சாந்து பிதுங்கி, தானாக வழிந்து, தேய்ந்தது.

நெஞ்சு உயரம்.

“வேண்டாம்,” என்றேன்.

டொக், டொக்.

கழுத்து உயரம். கல்லைத் தள்ளினேன். பாறையைத் தள்ளுவது போல இருந்தது. விளக்கு அணைந்தது. மேலே ஒரு கீற்று வெளிச்சம், மூன்று கல் அகலம். பிறகு இரண்டு கல்.

கீழே படிகளில் டைனாவின் பூட்ஸ் சத்தம் கேட்டது.

“கயிறு!” என்று அலறினேன். “கயிறு எங்களுது! கட்ஃபோர்த் முடிச்சு நல்ல முடிச்சு! ஜோசையா வாங்கின கயிறுதான் அறுந்துச்சு! எனக்குத் தெரியும்! எங்கப்பாவுக்கும் தெரியும்!”

கடைசிக் கல் நின்றது. பாதி உள்ளே, பாதி வெளியே.

அந்த இடைவெளியில் சுத்தியல் விழுந்தது. டைனா உடைத்தாள். மேக்பீஸ் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். தரையில் விழுந்து மூச்சு வாங்கினேன்.

“பத்து நிமிஷம்கூட ஆகலையே,” என்று மேக்பீஸ் திரும்பத் திரும்பச் சொன்னார். “நீங்களா அடைச்சீங்க? ஏன் சார் அடைச்சீங்க?”

டைனா விழுந்த கல் ஒன்றை எடுத்து, சாந்து பிதுங்கிய பக்கத்தைத் தடவினாள். அதை ஓசைப்படாமல் கீழே வைத்துவிட்டு விளக்கோடு உள்ளே எட்டிப் பார்த்தாள். எதிர்ச் சுவர் மொழுமொழுவென்று இருந்தது. ஓர் எழுத்தும் இல்லை. நான் வழித்தது ஒரு பெயர்தான். மற்றதை யார் வழித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

“என்ன கத்தினீங்க?” என்று கேட்டாள்.

“என்ன?”

“கயிறுன்னு கத்தினீங்க. நான் கேட்டேன். காலினும் கேட்டாரு. இன்னொரு தடவை சொல்லுங்க பெரியவரே. நிதானமா. எங்கம்மா இதைக் கேக்கணும்னு சாகுற வரைக்கும் அலைஞ்சா.”

அவள் கண்களில் நீர் நின்றது. சொல்லியிருக்கலாம். நாலே வார்த்தை.

நான் எழுந்து, கோட்டைத் தட்டிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டேன்.

“உள்ள காத்து இல்ல. வயசானவன். ஏதோ உளறியிருப்பேன்.”

அவள் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு எனக்கு முன்பாகவே படியிறங்கினாள். மேக்பீஸ் கதவைப் பூட்டக்கூட மறந்துவிட்டு அவள் பின்னாலேயே போனார்.

என் வீட்டை நானே கட்டினேன். படுக்கையறை பதினாலு அடி நீளம். மறுநாள் புதன்கிழமை காலை கட்டிலிலிருந்து கதவுக்கு நடந்தபோது ஓரடி குறைவாக நடந்தேன்.

அளந்தேன். பதின்மூன்று அடி.

வியாழன், பன்னிரண்டு. சன்னல் உள்ள சுவர்தான் வருகிறது. கட்டிலின் தலைமாடு அதை ஒட்டி இருக்கிறது. சுவர் வர வர, கட்டிலும் கதவை நோக்கி நகர்கிறது. சுவர்த்தாளின் பூக்கள் அப்படியே இருந்தன, ஒரு சுருக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை சன்னல் இருந்த இடத்திலும் பூக்கள் இருந்தன.

வேறு அறையில் படுத்திருக்கலாம், வீட்டை விட்டே போயிருக்கலாம் என்பீர்கள். தர்ல்பி கட்டிய வீட்டிலிருந்து தர்ல்பி ஓடினான் என்று ஊர் பேசுமே. அதனால் ஒவ்வொரு நாளும் அதே கட்டிலில் படுத்தேன்.

இன்று காலை ஆறடி எட்டங்குலம். கட்டிலின் கால்மாடு கதவில் முட்டி நிற்கிறது. கதவு உள்பக்கம் திறப்பது. மூன்று விரல் நுழையும் அளவுக்குமேல் திறக்கவில்லை. தொலைபேசி கீழே இருக்கிறது. நான் தனியாள், வீடு பெருக்கும் மிஸஸ் ஓட்லி வெள்ளிக்கிழமைதான் வருவாள். மேசை விளக்கை வைத்துக்கொண்டு இதை எழுதினேன். டைனா கட்ஃபோர்த்துக்கும் ஊர்ப் பத்திரிகைக்கும் போய்ச் சேர வேண்டியது.

எழுதி முடித்ததும் உரக்கப் படித்தேன். ராத்திரியெல்லாம் சுவருக்குள் கேட்கிற கரணைச் சத்தம் நிற்கும் என்று நினைத்தேன்.

நிற்கவில்லை.

ஆகவே விட்டுப்போனதையும் எழுதுகிறேன். கயிறு அறுந்தது விபத்தல்ல. அது இற்றுப்போயிருக்கிறது என்று ஈனோக் அன்று காலையே ஜோசையாவிடம் காட்டினார். வேலை ஒரு நாள் நிற்கும் என்பதால் ஜோசையா கேட்கவில்லை. இது அவருடைய வேலைக் குறிப்பேட்டில் அவர் கையாலேயே எழுதியிருந்தது. 1974இல் டைனாவின் அம்மா எங்கள் வாசலுக்கு வந்து அந்தக் குறிப்பேட்டைப் பார்க்க முடியுமா என்று கெஞ்சினாள். மழை பெய்துகொண்டிருந்தது. நான் அவளை உள்ளே கூப்பிடவில்லை. அப்படியொரு குறிப்பேடே கிடையாது என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அன்று மாலையே அதை அடுப்பில் போட்டேன். அப்பா சொல்லவில்லை. நானாகச் செய்தேன்.

இப்போது சுவருக்குள் சத்தமில்லை.

தாள்களை ஒவ்வொன்றாகக் கதவிடுக்கு வழியாக வெளியே போடுகிறேன். மிஸஸ் ஓட்லி பார்த்து எடுத்துக் கொடுக்கட்டும்.

இது கடைசித் தாள். முதல் தாளை இடுக்கில் நுழைத்தபோது நடந்ததையும் இதில் எழுதிவிடுகிறேன். நான் அதைத் தள்ளவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ மெதுவாக, கசங்காமல், இழுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவதையும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.